ஆல்ட்டோவுக்குப் போனா ஆஸ்தி கொறஞ்சிருமா?

ஏட்டி பேத்தி, கொயர் மாஸ்டர் உன்னைய சோப்ரானோவ விட்டு ஆல்ட்டோவுக்குப் போகச் சொல்லிட்டாருன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு, சாப்பாட்டுத் தட்டையும் தள்ளி வச்சிட்டியாமே? ஒங்க அம்மை போன்ல ஒப்பாரி வச்சா. நான் ஏதோ பேசி முடிச்ச கல்யாணம் தட்டிப்போச்சாக்கும்னு பதறி, கண்ணாடியத் தேடி மாட்டிக்கிட்டுக் கேட்டேன். (கண்ணாடி போட்டாத்தான் எனக்குக் காது நல்லாக் கேக்கும். அது வேற விசயம்.) கடைசில பாத்தா, பெஞ்சுல இந்த ஓரத்துலேருந்து அந்த ஓரத்துக்கு நவுந்து உக்காரணுமாம். அதுக்கு இம்புட்டு அழுகை!

நான் பழைய ஆளு. பாளையங்கோட்டை கதீட்ரல்லேருந்து இடையன்குடி வரைக்கும், பிரதிஷ்டைப் பண்டிகை, அறுப்பின் பண்டிகை, அசனம்னு எங்கன நாலு பார்ட் பாட்டு கேட்டாலும் பின்பெஞ்சுல போயி உக்காந்துக்கிடுவேன். அசனச் சோத்துக்காகத்தான் போறேன்னு ஒங்க ஆச்சி சொல்லுவா. சோறும் உண்டு, பாட்டும் உண்டு. அந்தப் பழக்கத்துல நாலு வார்த்தை சொல்லுதேன். புடிச்சா வச்சிக்கோ. புடிக்கலேன்னா அந்தக் காது வழியா விட்ரு.

மொதல்ல ஒண்ணு கேக்கேன். நீ சோப்ரானோன்னு யாரு சொன்னா? ஒரு மாஸ்டர் உன்னையக் கீபோர்டுக்குப் பக்கத்துல நிறுத்தி, கீழ வரைக்கும் பாடச் சொல்லி, மேல வரைக்கும் பாடச் சொல்லி, அப்புறமா எழுதிக்கிட்டாரா? இல்லையே. ஒங்க அம்மை சோப்ரானோ, ஒங்க சித்தி சோப்ரானோ, அதுனால நீயும் சோப்ரானோ. நெலத்துப் பட்டா மாதிரி கைமாறி வந்திருக்கு.

நம்ம பக்கத்துக் கொயருல பார்ட் புடிக்கித அழகே தனி. ஃபேன் எந்தப் பக்கம் சுத்துதோ அந்தப் பக்கம் நாலு பேரு. கூட்டாளி எங்கன இருக்காளோ அங்கன ரெண்டு பேரு. மீசை மொளைச்சவன் பேஸ், மொளைக்காதவன் டெனர். லேட்டா வந்தவளுக்கு எடமில்லாமப் போனா அவ ஆல்ட்டோ. இதுல சோப்ரானோவுக்கு மட்டும் தனி மவுசு. பொண்ணு பாக்க வாரவங்ககிட்ட “கொயர்ல சோப்ரானோ பாடுதா”ன்னா மாப்பிள்ளை வீட்டுக்காரவுக தலையாட்டுவாவ. “ஆல்ட்டோ பாடுதா”ன்னா, “அப்பிடின்னா என்னது?”ன்னு கேப்பாவ. ஒங்க அம்மை வெளக்கம் சொல்லணும். அவளுக்கே தெரியாது. அந்த வெக்கத்துக்குத்தான் இந்த ஒப்பாரி.

இப்பம் உன் கதைக்கு வாரேன். போன கேரல் சர்வீஸ்ல நீ ரெண்டாவது வரிசையில நின்ன. நான் உன்னையே பாத்துக்கிட்டு இருந்தேன். கீழ நடமாடுத வரைக்கும் உன் குரலு வெண்ணெயா இருந்துது. மெட்டு மேல போச்சு. உன் நாடி கொஞ்சம் மேல தூக்குச்சு. இன்னும் மேல போச்சு. புருவம் ரெண்டும் நெத்திக்கு ஏறுச்சு. தோள்பட்டை காதுக்குப் பக்கத்துல வந்து நின்னுக்கிட்டு. கழுத்துல ஒரு நரம்பு பொடைச்சு, போட்டிருந்த செயினு அதுக்கு மேல ஏறி எறங்குது. அப்புறம் உச்சத்துல வந்திச்சு பாரு ஒரு எடம், அங்கன நீ வாயத் தெறந்தியே ஒழிய சத்தம் ஒண்ணும் வரல. பக்கத்துல நின்னவ பாடுனா, நீ சிரிச்ச மூஞ்சியோட சும்மா நின்ன. மறுநாள் கிறிஸ்மஸ் வாழ்த்து சொல்லப் போன் பண்ணினப்பம் உன் குரலு ஒங்க அப்பன் குரலு மாதிரி இருந்துது. நானும் “என்னலே”ன்னுதான் பேச ஆரம்பிச்சேன்.

மாஸ்டருக்கும் கண்ணு இருக்கு. அவரு பாத்ததத்தான் சொல்லியிருக்காரு.

“தாத்தா, நான் அந்த மேல் ஏ-யத் தொட்டுருவேன்”னு நீ சொல்லுவ. தொடுவ, யாரு இல்லேங்கா? நம்ம தேரிக்காட்டுல பனையேறப் பழகுத வெடலப்பய ஒரு தடவ உச்சிக்கு ஏறித் தொட்டுட்டு எறங்கி வந்து மாருல ரத்தம் கசியக் கசியச் சிரிப்பான். பனையேறிங்கிறவன் ஆரு? உச்சில மட்டையில காலை ஊணி உக்காந்து, ரெண்டு கையையும் விட்டுட்டு, பாளையச் சீவி, கலயத்தக் கட்டி, பக்கத்து மரத்துக்காரன்கிட்ட ஊர்க்கதை பேசிட்டு எறங்குதவன். அப்பிடி மேல இருந்து வேல பாக்கத் தெம்பு இருந்தா நீ சோப்ரானோ. தொட்டுட்டு எறங்குதவளா இருந்தா, ஏறத் தெரிஞ்ச ஆல்ட்டோ. இதப் பாட்டுக்காரங்க டெசிட்டூராங்காவ. ஒரு பார்ட்டு எந்த எடத்துல அதிக நேரம் குடியிருக்குதுங்கிற கணக்கு அது. எட்டுற எல்லைய மட்டும் பாத்துப் பார்ட் புடிக்கிதவனெல்லாம் இந்தக் கணக்கத்தான் விட்டுருதான்.

எல்லையும் சொல்லிப்போடுதேன், வீட்டுல கீபோர்டுல வச்சுப் பாரு. கொயர் சோப்ரானோன்னா நடு சி-யிலேருந்து அதுக்கு அடுத்த ஆக்டேவுல இருக்கித ஏ வரைக்கும் கேப்பாவ. ஆல்ட்டோன்னா நடு சி-க்குக் கீழ ஜி, சில பாட்டுல எஃப், அங்கேருந்து மேல டி, ஈ வரைக்கும். டெனரு நடு சி-க்கு ஒரு ஆக்டேவ் கீழ ஆரம்பிச்சு, நடு சி-யத் தாண்டி ஜி, ஏ வரைக்கும் போகணும். பேஸு நடு சி-க்கு மேல ஒரு டி பக்கம் வந்து எட்டிப் பாத்துட்டு, கீழ எஃப், ஈன்னு ரெண்டு ஆக்டேவ் கிட்ட எறங்கணும். வெளியூரு ஆபராக்காரங்க எல்லை இதவிடப் பெருசு. நமக்கு ஞாயித்துக்கிழமைக்கு இது போதும்.

இந்தக் கணக்குல ஒரு கள்ளத்தனம் இருக்கு, அதத்தான் உனக்கு ஒருத்தரும் சொல்லல. ஆண்டவரு மனுசருக்குக் குரலு குடுத்தப்பம் முக்காவாசிப் பேருக்கு நடுக்குரலத்தான் குடுத்தாரு. பொம்பளைங்கள்ல அது மெஸ்ஸோ, ஆம்பளைங்கள்ல பாரிட்டோன். பாட்டு எழுதினவன் என்ன செஞ்சான்? மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு பொம்பளைக்கு ரெண்டு பெஞ்சு, ஆம்பளைக்கு ரெண்டு பெஞ்சு போட்டான். நடுக்குரலுக்குப் பெஞ்சே போடல. அதுனால நாட்டுல உள்ள நடுக்குரல்காரங்க எல்லாரும் ஒண்ணு மேல போயி நரம்பு பொடைக்க நிக்கா, இல்லேன்னா கீழ போயி நாடிய நெஞ்சுல குத்திக்கிட்டு நிக்கான். அன்னா உன் தம்பி நிக்கானே, பேஸ்ல, பதினெட்டு வயசுல! அந்தக் கீழ் எஃப் வரும்போது அவன் வாயிலேருந்து காத்துதான் வருது. சைக்கிள் ட்யூப்புல வாஷர் போனாக்கூட அதவிடச் சத்தம் கேக்கும். ஆனா அவனுக்கு அதுல ஒரு கெத்து. பேஸ் பாடுதேன்னா மீசைக்கு மரியாதையாம். அந்தப் பயலை ரெண்டு வருசம் டெனருக்கு அனுப்பிப் பாருங்க. அங்கன நாற்காலி காலியாத்தான கெடக்கு.

நீ கேப்ப, பாட்ட எறக்கிப் பாடினா என்ன, கீபோர்டு தம்பி ஒரு பட்டனை அமுக்கினா ரெண்டு கட்டை எறங்கிருமேன்னு. அமுக்குவான், அவனுக்கு என்ன செலவா? நீ மேல சிரிச்சுக்கிட்டுப் பாடுவ. அந்த நேரத்துல பேஸ் வரிசைய ஒரு எட்டுப் பாரு. ஏற்கெனவே கீழ நின்னவன் இன்னும் ரெண்டு படி கீழ போயி, சத்தமே இல்லாம உதட்ட மட்டும் அசைச்சுக்கிட்டு நிப்பான். உனக்குச் சொகம், அவனுக்குச் சோகம்.

இங்கனதான் நம்ம பாட்டுக்கும் கொயர் பாட்டுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கு. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் நாடக மேடையில நின்ன காலத்துல ஆர்மோனியக்காரன் அவுங்களுக்குத் தக்க கட்டையத்தான் புடிச்சான். கச்சேரிக்காரரும் அப்பிடித்தான். தன் தொண்டைக்குத் தோதான சுருதிய வச்சுக்கிட்டு உக்காருவாரு. ஒத்த ஆளு பாடுத பாட்டுக்கு ஆளுதான் அளவு, சுருதிப்பெட்டி அதுக்குத் தக்கன வளையும். கோயில்ல நாம பாடுத கீர்த்தனையும் இந்த வழக்கந்தான். கொயருக்கு அது செல்லாது. நாலு பார்ட்டும் ஒண்ணுக்குமேல ஒண்ணு அடுக்கி எழுதினது. ஒண்ணுக்காக மொத்தத்தையும் எறக்கினா இன்னொண்ணு தரையில இடிக்கும். அதுனால அங்கன சுருதி அப்பிடியே நிக்கும், ஆளுதான் எடம் மாறணும். தலைமுறை தலைமுறையாச் சுருதிய வளைச்சே பழகின ஊரு நம்ம ஊரு. அதான் எடம் மாறச் சொன்னா மானம் போச்சுங்கோம்.

எடம் மாறினதுல மானம் போன ஆளுங்களப் பத்திச் சொல்லட்டா? பிளாசிடோ டொமிங்கோன்னு ஒருத்தரு. ஸ்பெயின்ல 1941-ல பொறந்து மெக்சிகோவுல வளந்தவரு. 1959-ல மெக்சிகோ நேஷனல் ஆபராவுல போயி பாரிட்டோனாப் பாடிக் காட்டினாரு. கேட்டவங்க, நீ டெனருக்குப் போன்னுட்டாங்க. அவரு தட்டத் தள்ளி வைக்கல. போனாரு. ஒலகம் பூரா டெனரா அம்பது வருசம் பாடினாரு. அறுபத்தெட்டு வயசுல, 2009-ல, பெர்லின்ல ‘சிமோன் பொக்கனேக்ரா’ங்கிற ஆபராவுல மறுபடியும் பாரிட்டோனா வந்து நின்னாரு. போனதுலயும் கைதட்டு, வந்ததுலயும் கைதட்டு.

டென்மார்க்காரரு லவுரிட்ஸ் மெல்கியோர் கதை இன்னும் ருசி. 1913-ல கோபன்ஹேகன்ல பாரிட்டோனா மேடையேறினவரு. ஒரு நாள் கூடப் பாடின அம்மாவுக்கு உடம்பு சொகமில்ல, உச்சத்துல இருக்கித சி அவுங்களுக்கு வரல. இந்த மனுசன் ஒத்தாசைக்குத் தானே அதப் பாடிட்டாருன்னு சொல்லுவாவ. கூட நடிச்ச பாடகி ஒருத்தி அதக் கேட்டுட்டு, நீரு பாரிட்டோனே இல்ல வேன்னு புடிச்சுக்கிட்டா. திரும்பவும் படிச்சு, 1918-ல டெனரா மேடையேறி, வாக்னர் ஆபராவுக்கு அவரவிட்டா ஆளில்லன்னு பேரு வாங்கினாரு. யோசிச்சுப் பாரு, அவரு உன்னைய மாதிரி “எங்க அப்பா பாரிட்டோன், நானும் பாரிட்டோன்”னு உக்காந்திருந்தா ஒரு டப்பாவுக்குள்ள மூடியோட கெடந்திருப்பாரு.

ஆம்பளைப் புள்ளைகளுக்கு எடம் மாறுத வேலைய ஆண்டவரே செஞ்சு வைக்காரு. பன்னெண்டு பதினாலு வயசுல குரலு ஒடையும், சுமாரா ஒரு ஆக்டேவ் எறங்கும். வியன்னாவுல அரமனைக் கொயர்ல பாடின ஷூபர்ட்டு, 1812-ல குரலு ஒடைஞ்சப்பம், பாடின பூசைப் பாட்டுத் தாளுல, தான் கடைசியாக் கூவினது இன்னைக்குன்னு தேதி போட்டு எழுதி வச்சிட்டுப் போனாரு. சேவல் கூவுதத்துக்கு உண்டான வார்த்தையத்தான் போட்டாரு. ஏசுததுக்கு வேற ஆளு வேண்டாம்னு தன்னையே ஏசிக்கிட்டாரு பாத்தியா, அது பெரிய மனுசத்தனம். நம்ம கொயர்ல குரலு ஒடையித பையனை என்ன செய்யுதோம்? எல்லாரும் பாக்கச் சிரிக்கோம். அவன் அதோட கோயில் பக்கம் வாரதில்ல, கிரிக்கெட்டுக்குப் போயிருதான். அப்பமே கூப்பிட்டு “ஆறு மாசம் நடுவுல நாலஞ்சு சுரம் உள்ள பாட்டு மட்டும் பாடுலே, உச்சமும் வேண்டாம், பாதாளமும் வேண்டாம்”னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இன்னைக்கு டெனர் பெஞ்சு காலியா இருக்குமா?

பொம்பளைப் புள்ளைகளுக்கும் குரலு எறங்கும், கொஞ்சமா, ஒருத்தரும் கவனிக்காத அளவுக்கு. அப்புறம் அம்பது வயசுக்கு மேல இன்னொரு தடவ எறங்கும். ஒங்க ஆச்சி நாப்பது வயசு வரைக்கும் சோப்ரானோ. அதுக்குப் பொறவு தானாப் போயி ஆல்ட்டோவுல உக்காந்தா. ஒரு மாஸ்டரும் சொல்லல. “மேல போனா எனக்கே கேக்கச் சகிக்கல”ன்னா. கிழவனுக்கு மட்டும் குரலு வயசாக வயசாகக் கொஞ்சம் மேல ஏறும். இப்பம் நாங்க ரெண்டு பேரும் போன எடுத்தா யாரு பேசுதான்னு ஒங்க மாமனுக்கே தெரியல.

பொம்பளைங்க டெனர் பாடலாமான்னு பேச்சு வரும். பாடலாம். நல்லாக் கீழ எறங்குத குரலு சில பேருக்கு உண்டு, டெனரு ஆளில்லாத கொயர்ல அவுங்கதான் காப்பாத்துதாவ. ஆனா டெனரத் தனி வரியா எழுதினா, மேல போட்டிருக்கித கிளெஃபுக்கு அடியில சின்னதா ஒரு 8 தொங்கும். அதக் கண்ணால பாக்காமப் படிச்சா ஒரு ஆக்டேவ் மேல ஏறிப் பாடி, சோப்ரானோவுக்குச் சண்டை வாங்கிக் குடுத்திருவா. ஆம்பளை ஆல்ட்டோ பாடலாமான்னு கேட்டா, அதுக்கும் வழக்கம் இருக்கு. ஹேண்டலோட ‘மெசையா’ மொதமொதல்ல டப்ளின்ல 1742 ஏப்ரல்ல பாடினப்பம் கோரஸ்ல நின்னது ரெண்டு கதீட்ரல் கொயரு ஆளுங்க. ஆம்பளையும் பையன்மாருந்தான். ஈஸ்டர் அன்னைக்கு நீ நரம்பு பொடைக்கப் பாடுதியே அல்லேலூயா கோரஸ், அதோட ஆல்ட்டோ வரியப் பாடிப் பேரு வாங்கினது வளந்த ஆம்பளைங்க. அவனுவ அம்மைக ஒப்பாரி வச்சதா எங்கயும் எழுதி வைக்கல.

இப்பம் ஆல்ட்டோவுக்குப் போனா உனக்கு வாரப்போற பாடு என்னன்னு சொல்லுதேன். அத மறைச்சு உன்னைய அனுப்பினா நாளைக்கு என்னைய ஏசுவ. மெட்டு உன்கிட்ட இருக்காது. இத்தன நாளு ஊரு பாடுத மெட்டையே நீயும் பாடின. பாமாலைய மூடி வச்சாக்கூட வாயில வரும். ஆல்ட்டோவுல மெட்டு மேல ஆடும், ஓடும், நீ ‘சோ’லயே நாலு மாத்திரை நிப்ப. ஒரு தடவ ‘லா’வுக்குப் போயிட்டு வான்னு விடுவான், உடனே திரும்ப வரணும். பாத்தா சுளுவாத் தெரியும். பாடினாத்தான் தெரியும், காது தானா மேல இழுக்கும், மூணாவது அடியில நீ மெட்டுலதான் நிப்ப. அதுனாலதான் நோட்டு படிக்கத் தெரிஞ்ச புள்ளைகள மாஸ்டருங்க அள்ளிக்கிட்டுப் போயி ஆல்ட்டோவுல போடுதாவ. அதுல ஒரு கள்ளத்தனமும் இருக்கு, அதையும் சொல்லிப்போடுதேன்: மேல நல்லாப் பாடுத புள்ளையக்கூடச் சில பேரு, நோட்டு தெரியுங்கிற ஒரே குத்தத்துக்காகக் கீழ தள்ளி வச்சிருவாவ. அந்தப் புள்ள வருசக்கணக்காத் தன் எடத்துக்குக் கீழயே கெடக்கும். நீ அந்த ரகம் இல்ல. உன் கழுத்து நரம்பே சாட்சி. ஆனா அப்பிடிப்பட்டவ யாராவது இருந்தா, அவளும் எந்திச்சுக் கேக்கணும், மேல போறேன்னு. எடம் மாறுதது கீழ எறங்குதவளுக்கு மட்டும் எழுதி வச்ச சட்டமில்ல.

டோ, ரே, மின்னு எழுத்துல எழுதுத சோல்ஃபா இருக்கித வரைக்கும் உனக்குக் கவலையும் இல்ல. இங்கிலாந்துல நார்விச்சுல சாரா குளோவர்னு ஒரு அம்மா அதத் தொடங்கி வச்சா. ஜான் கர்வன் அதத் தேச்சு மினுக்கி ஊருக்கெல்லாம் குடுத்தாரு. அவரும் ஒரு போதகருதான், நம்ம சேகரத்து ஐயரு மாதிரி, பிரசங்கம் மட்டும் எவ்வளவு நீளம்னு தெரியல. மிஷனரிமாரு அதப் பொட்டியில வச்சுக் கொண்டாந்தாவ. கோட்டுல தொங்குத முட்டை படிக்கத் தெரியாத நம்ம ஊரு கொத்தனும் வாத்தியாரும் நாலு பார்ட்டு பாடினது அந்த எழுத்த வச்சுத்தான். எந்தச் சுருதியில வச்சாலும் ‘டோ’ அங்கன போயி உக்காந்துக்கிடும். பார்ட் மாறினவளுக்கு அதவிட நல்ல கைத்தடி கெடையாது. ஆல்ட்டோ வரிய மட்டும் சோல்ஃபாவுல வாயால சொல்லு, பாடாத, மொதல்ல சொல்லு. அப்புறம் மெதுவாப் பாடு. அப்புறம் ஒங்க அம்மையப் பக்கத்துல நிறுத்தி சோப்ரானோவக் கத்தச் சொல்லி, காதப் பொத்தாமப் பாடு. அதுல தேறினியானா ஒலகத்துல எந்தக் கொயர்லயும் நிக்கலாம்.

ஒண்ணு மட்டும் செஞ்சிராத. டிசம்பர் இருவதாம் தேதி வந்து மாஸ்டர்கிட்ட “நான் பார்ட் மாறுதேன்”னு நிக்காத. அந்த மனுசனுக்கு அப்பம் ரத்தக்கொதிப்பு ஏற்கெனவே மேல் ஏ-யில இருக்கும். மாறுததெல்லாம் ஈஸ்டர் முடிஞ்ச பொறவு, இப்பம் மாதிரி பாட்டு கம்மியா இருக்கித மாசத்துலதான். மாறினதும் ஒரே வாரத்துல “எனக்கு இதுவும் செட்டாகல”ன்னும் சொல்லாத. புதுப் பார்ட்டு காதுல உக்கார மாசக்கணக்கு ஆகும். தொண்டைக்கு எதம் மட்டும் மொத நாளே தெரிஞ்சிரும். பிராக்டிஸ் முடிஞ்சு வீட்டுக்கு வந்து, யாரையாவது சத்தம் போட்டு ஏசிப்பாரு. குரலு கம்மாம ஏச முடிஞ்சா உன் பார்ட்டு சரியான பார்ட்டு.

இன்னொரு கூத்தும் கேள்விப்பட்டேன். குரலு மேல ஏறணும்னு நீ பனங்கல்கண்டும் நல்லமிளகும் பச்சை முட்டையும் மாறி மாறி முழுங்குதியாமே? ஏட்டி, முழுங்குதது போறது சோத்துக்குழாய். குரலு நாண் இருக்கித எடம் காத்துக்குழாய் வாசல். நீ முழுங்குதது ஒரு சொட்டு அங்கன பட்டுச்சுன்னா புரையேறிக் கண்ணு பிதுங்கிரும். கல்கண்டு தொண்டைக்கு எதமாத்தான் இருக்கும், நான் இல்லேங்கல. ஆவி புடிச்சா நாண் வரைக்கும் போகும், நாள் முழுக்கத் தண்ணி குடிச்சா நாண் காயாது. ஆனா எத முழுங்கினாலும் நாண் நீளம் மாறாது. நடு சி-க்கு மேல உள்ள ஏ-யப் பாடும்போது அது நொடிக்கு 440 தடவ அடிக்குது. அதுக்கு மேல உள்ள ஏ-ன்னா 880. கட்டையான நாணையும் நீளமான நாணையும் வச்சு அதே அடி அடிக்கச் சொன்னா, ஒண்ணு சிரிச்சுக்கிட்டு அடிக்கும், ஒண்ணு அழுதுக்கிட்டு அடிக்கும். முட்டைய ஆம்லெட் போட்டுத் தின்னு. அது வயித்துக்காவது ஆகும்.

அது தவிர, பார்ட் மாறியும் குரலு கம்மல் மூணு வாரத்துக்கு மேல நின்னுச்சுன்னா கல்கண்டுக்காரன்கிட்டயும் போகாத, என்கிட்டயும் வராத. காது மூக்குத் தொண்டை டாக்டர்கிட்டப் போ. அவுங்க ஒரு குழாயை விட்டுப் பாத்து நாணுல காய்ப்பு இருக்கா, வீக்கம் இருக்கான்னு சொல்லிருவாவ. இந்த ஒரு விசயத்துல நான் நையாண்டி பண்ணல.

மாஸ்டரையும் ரொம்ப ஏசாத. அவருக்கு வாய்ச்சது நாம. லைப்சிக்ல பாஹ் இருந்தாரே, அவரு 1730-ல நகரசபைக்கு ஒரு மனு எழுதினாரு. தன்கிட்ட உள்ள பையன்மாரு 54 பேரையும் கணக்கெடுத்து, 17 பேரு தேறினவன், 20 பேரு இனிமே தேறணும், மீதி 17 பேரு பாட்டுக்கு ஆகமாட்டான்னு பேரோட எழுதிக் குடுத்துட்டாரு. பார்ட்டுக்கு மூணு பேராவது வேணும்யா, நாலு பேரு இருந்தா இன்னும் நல்லது, ஒருத்தனுக்குச் சளி புடிச்சா பாட்டு நின்னுபோகக் கூடாதுல்லன்னு கெஞ்சியிருக்காரு. பாஹுக்கே அந்தக் கதி. நம்ம மாஸ்டரு உன்னைய ஆகமாட்டான் கணக்குல எழுதல, அடுத்த பெஞ்சு கணக்குலதான் எழுதியிருக்காரு. அந்த மட்டுக்கும் ஸ்தோத்திரம்.

அதுனால சனிக்கிழமை பிராக்டிஸுக்குத் தலைய வாரிப் பூவ வச்சிக்கிட்டுப் போ. போன ஒடனே ஆல்ட்டோ பெஞ்சுல, நல்லாப் பாடுதவளுக்குப் பக்கத்துல உக்காரு. பின்னால போயி ஒளியாத. சுவரு பக்கம் போனா உன் தப்பு உனக்கே கேக்காது. ஒரு பாட்டு மட்டும் எடுத்து அதுல நிமிந்து நில்லு, மீதி பின்னாலயே வரும். ஒங்க அம்மைகிட்ட நான் பேசிக்கிடுதேன். மாப்பிள்ளை வீட்டுக்காரன் ஆல்ட்டோன்னா என்னதுன்னு கேட்டா, கொயர்ல நோட்டு படிக்கத் தெரிஞ்சவங்க இருக்கித எடம்னு சொல்லச் சொல்லு. அது பொய்யும் இல்ல. தம்பியையும் கையோட கூட்டிட்டுப் போயி பேஸுலேருந்து கெளப்பி டெனர்ல உக்கார வச்சிட்டு வா. அங்கன இருக்கிதது இப்பம் ரெண்டே பேரு, அதுல ஒருத்தனுக்குத் துபாய் விசா வந்தாச்சு.